வீதியே வீடாகிய சிறார்

மாநகரொன்றின் நாகரிகத்தை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு அளத்தல் சாலாது. அதன் நடைபாதையிற் படுத்துறங்கும் சிறாரை அந்நகர் எவ்வாறு நடத்துகின்றது என்பதும் நோக்கற்பாலது. பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுகின்றது.

அந்நகரின் குன்றுச் சரிவுகளில் 'பவேலா' எனப்படும் வறியோர் குடியிருப்புகள் நெருங்கியுள்ளன. வறுமைக்கும், வீட்டிலுள்ளோர் கொடுமைக்கும், போதைப்பொருட் கும்பல்களின் பூசலுக்கும் அஞ்சிய சிறுவர் பலர் நகர நடுவை நாடினர். சப்பாத்துத் துடைத்தும், இனிப்புகள் விற்றும், இரந்தும், சிலபோது களவாடியும் உயிர் வாழ்ந்தனர். பசியை மறக்கப் பசையை முகர்ந்தனர். தனித்துறங்குதல் ஆபத்தாதலின் கூட்டமாகவே உறங்கினர்.

1993 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாளிரவு, கன்டெலாரியா தேவாலயத்தின் அருகே உறங்கிய சிறார்மீது, பொலிசாரும் அடங்கிய குழுவொன்று துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தது. எண்மர் மாண்டனர், அவருள் அறுவர் பதினெட்டு வயது நிரம்பாதவர். சிறாரைக் காக்கும் சட்டம் 1990 ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் நிறைவேறியிருந்தது. ஆயினும், ஏட்டிலிருந்த காவல் அன்றிரவு அவர்களுக்கு எட்டவில்லை.

உயிர் தப்பியோருள் ஒருவன் தன் தாய் கொலையுண்டதை இளமையிலேயே கண்டவன். அவன் 2000 ஆம் ஆண்டு யூன் 12 ஆம் நாள் 174 ஆம் இலக்க பஸ் வண்டியிற் பயணிகளைப் பணயமாகப் பிடித்துவைத்தான். அந்நிகழ்விலே இளம் ஆசிரியை ஒருவர் உயிரிழந்தார். அவனும் பொலிஸ் வண்டியினுள்ளே மூச்சுத் திணறடிக்கப்பட்டு இறந்தான். கைவிடப்பட்ட பிள்ளையின் துயர் அவனோடு அடங்கிவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, உதவும் நெறி யாதெனின், அது சிறாரைத் தேடிச் செல்வதிலே தொடங்குவதாகும். 1985 இல் அந்நாட்டில் தோன்றிய வீதிச்சிறார் தேசிய இயக்கத்தைச் சேர்ந்த வீதி ஆசிரியர்கள், சிறார் இருக்குமிடத்துக்கே சென்று, அவர்தம் சொல்லைச் செவிமடுத்து, நம்பிக்கையைப் பெற்றனர். கன்டெலாரியாச் சிறாருக்கு வீதியிலே கல்வி புகட்டிய இவோன் பெசேரா டி மெல்லோ என்னும் சிற்பக்கலைஞர், பின்னர் மாரே என்னும் வறியோர் பகுதியிற் பள்ளியொன்றை நிறுவினார். வன்முறையால் உள்ளம் நொந்த சிறாருக்கேற்ற கற்பித்தல் முறையை அங்கே வகுத்தார்.

வலிந்து பிடித்து விடுதியில் அடைக்கப்பட்ட சிறுவன் மீண்டும் வீதிக்கே ஓடுவான். உணவு, மருந்து, பிறப்புச் சான்று, பள்ளியில் ஓரிடம், என்றும் மாறாத பெரியவர் ஒருவரின் துணை ஆகிய இவையே அவனை நிலைநிறுத்த வல்லன. கையிற் காசிட்டு அகல்வோர், அதனை இத்தகைய பணி புரியும் நிலையங்களுக்கு ஈதல் நன்று. சிறார் துன்புறுத்தப்படுவதைக் காண்போர் வாய்மூடி இராது சான்று பகர்தலும் அறமேயாம்.

வீதியை அடையுமுன் பிள்ளை பெரும்பாலும் பள்ளியினின்று நழுவுகின்றது. வகுப்பிலே ஒரு வாங்கு சில நாள் வெறிதாயிருக்கக் கண்டு, அவ்வீட்டு வாயிலை நாடிச் செல்லும் ஆசிரியரே முதற் காவலராவார்.