தொடக்கநிலை ஆறில் பாடங்களைக் கடந்த கற்றல்: தெம்பனிஸ் தமிழ் வகுப்பறையை முன்வைத்து

முன்னுரை

சிங்கப்பூரின் கிழக்கே அமைந்த தெம்பனிஸ் நகரம், ஒரு மரத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. உறுதி மிக்க கட்டைக்குப் பெயர்பெற்ற தெம்பினிஸ் மரமே அது. அந்நகரில் வளரும் பன்னிரண்டு வயதுத் தமிழ்க் குழந்தை, மரம் உணவு தயாரிக்கும் முறையை ஆங்கிலத்தில் கற்கின்றது. மரம் நடுதலின் நன்மை குறித்துத் தமிழில் கட்டுரை எழுதுகின்றது. ஆயினும் அறிவியல் வகுப்பில் பெற்ற அறிவு தமிழ்க் கட்டுரைக்குள் வருவது அரிதாக இருக்கின்றது. இவ்விடைவெளி ஏன் தோன்றுகின்றது, அதனைத் தமிழாசிரியர் எவ்வாறு குறைக்கலாம் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு பாடங்களும் இரு மொழிகளும்

தொடக்கநிலை ஆறாம் ஆண்டின் முடிவில் மாணவர்கள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதுகின்றனர். இத்தேர்வு 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் ஆகிய நான்கும் தேர்வுப் பாடங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரையிலான அடைவுநிலை வழங்கப்படுகின்றது. நான்கின் கூட்டுத்தொகை 4 முதல் 32 வரை அமையும். எண் குறையக் குறையத் தகுதி உயரும். கணிதத்திற்கு உள்ள அதே மதிப்பு தமிழுக்கும் இங்கு உண்டு.

தேர்வில் சமமாக நிற்கும் நான்கு பாடங்களும் பயிற்றுமொழியில் சமமாக நிற்பதில்லை. தமிழ்வழி உயர்நிலைக் கல்வி அளித்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே பயிற்றுமொழியாயிற்று. அறிவியலும் கணிதமும் தமிழ் மாணவரின் தமிழ்ச் சொல்லாட்சியிலிருந்து அவ்வாறு பிரிந்து சென்றன.

பள்ளி நடைமுறையும் இப்பிரிவை வலுப்படுத்துகின்றது. தொடக்கப்பள்ளிகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றிற்கு மேற்பட்டவற்றை ஒரே ஆசிரியர் கற்பிக்கும் வழக்கம் உண்டு. தமிழாசிரியரோ பெரும்பாலும் தமிழை மட்டுமே கற்பிக்கின்றார். வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வந்து கூடும் மாணவர்களே பல பள்ளிகளில் அவரது தமிழ் வகுப்பாக அமைகின்றனர். முந்தைய பாடவேளையில் அவர்கள் என்ன கற்றனர் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு இயல்பாகக் கிட்டுவதில்லை.

கோட்பாட்டுப் பின்புலம்

பிரிட்டனில் 1975இல் வெளிவந்த புல்லக் குழு அறிக்கை, மொழி வளர்ச்சி மொழிப்பாட ஆசிரியரின் பொறுப்பு மட்டுமன்று, எல்லாப் பாட ஆசிரியர்க்கும் உரியது என வலியுறுத்தியது. அதன் மறுபக்கம் நம் சூழலுக்குப் பொருந்துகின்றது. எல்லாப் பாடங்களின் அறிவுக்கும் மொழிப்பாடத்தில் இடம் வேண்டும் என்பதே அது.

கனடிய அறிஞர் ஜிம் கம்மின்ஸ், அன்றாட உரையாடல் திறனையும் கல்விசார் மொழித்திறனையும் வேறுபடுத்திக் காட்டினார். ஒரு மொழியில் பெற்ற கருத்தறிவு மற்றொரு மொழிக்கும் அடித்தளமாகும் என்பது அவரது கருத்து. எனவே ஆங்கிலத்தில் ஒளிச்சேர்க்கையை அறிந்த மாணவர் அதனைத் தமிழில் மீண்டும் முதலிலிருந்து கற்கவேண்டியதில்லை; சொல்லும் தொடரமைப்புமே அவருக்குத் தேவை. வேல்ஸ் நாட்டில் கென் வில்லியம்ஸ் 1994இல் விளக்கிய முறையும் இத்தகையதே. ஒரு மொழியில் படித்ததை அல்லது கேட்டதை மற்றொரு மொழியில் பேசவும் எழுதவும் செய்வது அம்முறை. வேல்சு மொழியும் ஆங்கிலத்தின் நிழலில் வாழும் மொழி என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அறிவியலும் வேற்றுமை உருபும்

தெம்பனிஸ் பசுமைப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 36.5 எக்டர் பரப்பில் புல்வெளி, நன்னீர்ச் சதுப்பு நிலம், இரண்டாம்நிலைக் காடு ஆகியவற்றைக் கொண்ட இடம் அது. உணவுச் சங்கிலியைக் கற்கும் மாணவர்க்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு அப்புல்வெளி.

உணவுச் சங்கிலியை வரையும்போது மாணவர் செய்யும் பொதுவான பிழையொன்று உண்டு. வெட்டுக்கிளி புல்லை உண்பதால் அம்புக்குறியை வெட்டுக்கிளியிலிருந்து புல்லை நோக்கி வரைந்துவிடுகின்றனர். அம்புக்குறி ஆற்றல் செல்லும் திசையைக் காட்டுவது. ஆகவே அது புல்லிலிருந்து வெட்டுக்கிளியை நோக்கிச் செல்லவேண்டும். ‘வெட்டுக்கிளி புல்லை உண்கிறது’, ‘ஆற்றல் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்குச் செல்கிறது’ என்னும் இரு தொடர்களையும் அருகருகே எழுதிக் காட்டலாம். முதல் தொடரில் இரண்டாம் வேற்றுமை உண்ணப்படுவதைக் காட்டுகின்றது. இரண்டாம் தொடரில் ஐந்தாம் வேற்றுமை ஆற்றல் புறப்படும் இடத்தையும் நான்காம் வேற்றுமை அது சென்று சேரும் இடத்தையும் காட்டுகின்றன. அறிவியல் பிழை திருந்தும் அதே நேரத்தில் வேற்றுமையின் பயனும் மாணவர்க்குப் புலனாகின்றது.

ஆற்றல் மாற்றத்தைப் பேசும்போது தன்வினையும் பிறவினையும் இயல்பாக வந்து சேரும். ‘மின்னாற்றல் ஒளியாற்றலாக மாறுகிறது’ என்பது தன்வினை. ‘விளக்கு மின்னாற்றலை ஒளியாற்றலாக மாற்றுகிறது’ என்பது பிறவினை. பட்டியலாக மனனம் செய்யப்படும் இலக்கணம் இங்கு ஒரு கருத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவியாகின்றது.

கணிதமும் தொடரமைப்பும்

சிங்கப்பூர்க் கணிதக் கல்வியில் புகழ்பெற்ற பட்டை வரைபட முறை, 1980களில் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தினரால் உருவாக்கப்பெற்றது. சொற்கணக்கின் பொருளைப் பட்டைகளாக வரைந்து பார்ப்பது அதன் அடிப்படை.

‘மாலாவிடம் உள்ள முத்திரைகளைப்போல் மும்மடங்கு முத்திரைகள் கண்ணனிடம் உள்ளன, இருவரிடமும் சேர்த்து 96 முத்திரைகள் உள்ளன’ என்னும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இதனையொத்த ஆங்கிலத் தொடரில் கண்ணன் முதலிலும், ஒப்பீட்டுக்கு அடிப்படையான மாலா இறுதியிலும் வருவதே வழக்கம். தமிழ்த் தொடரில் அடிப்படை அளவு முன்னே வருகின்றது. மாணவர் சொல் வரும் வரிசையிலேயே மாலாவுக்கு ஒரு பட்டையும் கண்ணனுக்கு மூன்று பட்டைகளும் வரையலாம். மொத்தம் நான்கு பட்டைகள். ஒரு பட்டை 24. எனவே கண்ணனிடம் 72. கணக்கை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் தம் சொற்களால் கூறச் செய்தால், எது எதனோடு ஒப்பிடப்படுகின்றது என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

கலைச்சொற்களும் ஐயங்களும்

இம்முயற்சிக்குப் புதிய சொற்களைப் படைக்கவேண்டியதில்லை. தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் அறிவியல் தமிழில் கற்பிக்கப்பட்டு வந்திருப்பதால் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. தமிழகத்தின் ‘ஒளிச்சேர்க்கை’ இலங்கையில் ‘ஒளித்தொகுப்பு’ என வழங்குகின்றது. ‘ஆற்றல்’ அங்குச் ‘சக்தி’ ஆகின்றது. பள்ளியளவில் ஒன்றைத் தேர்ந்து சீராகப் பயன்படுத்தினால் போதும். இச்சொற்கள் பல தம் பொருளைத் தாமே விளக்குவன. ஒளி, சேர்க்கை என்னும் இரண்டும் தெரிந்த மாணவர்க்கு முழுச்சொல்லும் பாதி விளங்கிவிடும்.

தேர்வாண்டில் இதற்கு நேரமேது என்னும் ஐயம் எழுவது இயல்பு. அறிவியலைத் தமிழில் மறுபடி கற்பிக்க வேண்டும் என்பது இங்குக் கூறப்படவில்லை. அறிவியல் வகுப்பில் முடிந்த ஒரு பகுதியிலிருந்து ஒரு கருத்தை எடுத்து, வாரத்தில் பத்து நிமிடம் தமிழில் பேசச் செய்வதே கருதப்படுவது. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து மாணவர் உரையாட வேண்டியுள்ளது. ‘மரம் நல்லது, நாம் காப்பாற்ற வேண்டும்’ என்று நின்றுவிடும் மாணவருக்கும், மரத்தை வெட்டினால் எந்த உயிரின் உணவு குறையும் என்று காரணம் காட்டும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு சொல்வளம் மட்டுமன்று. சொல்வதற்குப் பொருள் இருப்பதும் இல்லாமையுமே ஆகும்.

அறிவியல் ஐயம் எழும்போது தமிழாசிரியர் என்ன செய்வது என்பது மற்றொரு வினா. அறிவியல் ஆசிரியரின் வாரத் திட்டத்தை ஒரு முறை கேட்டுப் பெறுவது நல்ல தொடக்கம். மாணவர்களையே விளக்கச் சொல்லி, ஆசிரியர் மொழியைச் செம்மைப்படுத்துவது அடுத்த படி. அங்கு மாணவர் அறிவைத் தருகின்றார்; ஆசிரியர் அதற்குத் தமிழைத் தருகின்றார்.

முடிவுரை

ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வீட்டில் சுருங்கும் மொழிக்கு வகுப்பறையின் பொறுப்பு கூடுகின்றது. அவ்வகுப்பறையில் தமிழ் பண்டிகைக்கும் உறவுமுறைக்கும் அறவுரைக்கும் மட்டும் உரிய மொழியாக நின்றுவிட்டால், சிந்திப்பதற்கு உரிய மொழி வேறு என்னும் முடிவுக்கு மாணவர் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிடுவார். அம்முடிவை எந்த அடைவுநிலையும் காட்டாது. தான் அறிந்தவற்றுள் ஒரு பகுதியையேனும் தமிழில் சொல்ல முடியும் என்னும் நம்பிக்கையோடு அம்மாணவர் உயர்நிலைப்பள்ளிக்குச் செல்வாராயின், தொடக்கநிலை ஆறின் தமிழ் வகுப்பு தன் கடமையைச் செய்ததாகக் கொள்ளலாம்.