யோபுவின் முறையீடும் திருச்சபைகளின் வாசிப்பும்

துன்பமும் கடவுளின் மௌனமும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் கிறிஸ்தவர்கள் திரும்பிச் செல்லும் நூல் பழைய ஏற்பாட்டின் யோபு. 42 அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் தொடக்கமும் முடிவும் உரைநடை. நடுவில் உள்ளது நீண்ட கவிதை. உரைநடையில் வரும் யோபு, பெற்ற பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்தும் கடவுளைக் குறைகூறாதவர். கவிதையில் வரும் யோபுவோ தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்காட அழைக்கிறார். கூப்பிட்டும் பதில் இல்லையே என்று குமுறுகிறார். ஆறுதல் சொல்ல வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும், தவறு செய்யாதவருக்கு இப்படி நேராது என்று அடித்துப் பேசுகிறார்கள்.

38ஆம் அதிகாரத்தில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். யோபு கேட்டதற்கு அதில் விடை இல்லை. பூமியின் அடித்தளம், கடல், விண்மீன்கள், காட்டு விலங்குகள் என்று கேள்விமேல் கேள்வியாக அவரே கேட்கிறார். யோபு பலன் எதிர்பாராமலா கடவுளுக்கு அஞ்சுகிறார் என்று நூலின் தொடக்கத்தில் சாத்தான் கடவுளிடம் விட்ட சவாலே இத்தனைக்கும் காரணம்; அது யோபுவுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. ஆனாலும் கடவுளின் கோபம் பாய்வது, அவர் சார்பில் வாதாடிய நண்பர்கள்மீது. சரியாகப் பேசியவர் யோபு என்பது கடவுளின் தீர்ப்பு. நூலுக்கு உரை எழுதிய ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை எதிர்கொண்டே ஆகவேண்டியிருந்தது.

புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம் யோபுவின் பொறுமையை முன்னிறுத்தியது. அந்தச் சித்திரமே பல நூற்றாண்டுகள் நிலைத்தது. பைசாந்திய வழிபாட்டு முறையைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் புனித வாரத்தின் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை வழிபாட்டில் யோபு நூலை வாசிக்கின்றன. இழப்புகள், கடவுளின் பேச்சு, மீண்டும் பெற்ற வாழ்வு ஆகியவை அதில் வருகின்றன. நடுவிலுள்ள முறையீடுகள் இடம்பெறுவதில்லை. குற்றமின்றி வதைபடும் யோபு அவர்களுக்குச் சிலுவை சுமக்கும் கிறிஸ்துவின் முன்னடையாளம். அவர்கள் படிக்கும் கிரேக்கப் பாடத்தின் முடிவில், யோபு உயிர்த்தெழுவார் என்று எபிரேயத்தில் இல்லாத ஒரு குறிப்பும் உண்டு.

மேற்கில் முதலாம் கிரகோரியார் போப்பாண்டவர் ஆவதற்கு முன்பே, கான்ஸ்டான்டிநோபிளில் தம்மோடு இருந்த துறவிகளுக்கு யோபுவை விளக்கத் தொடங்கினார். அது 35 பகுதிகள் கொண்ட பேருரையாக வளர்ந்தது. தீராத வயிற்றுநோயால் அவதிப்பட்டவர் அவர்; அடிபட்ட யோபுவை அடிபட்டவன் ஒருவன் விளக்குவது இறைத்திட்டமாக இருக்கலாம் என்று கருதினார். ஆனால் யோபுவின் கடுஞ்சொற்களை அவர் உருவகமாகவே கொண்டார். சாபம்கூட அவர் கையில் பாவத்தை வெறுக்கும் பாடமாகிவிடுகிறது. அப்போது யோபுவின் வலி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வேறு வழியில் போனார். உருவகத்தை ஒதுக்கிவிட்டு, யோபு உண்மையாகவே கடவுளோடு வாதிடுகிறார் என்றார். உண்மையைப் பேசுபவர் எதிரில் இருப்பவர் யாராயினும் தோற்பதில்லை என்பது அவர் வாதம். நல்லது கெட்டதற்கான பலன் இம்மையிலேயே முழுதாகக் கிடைத்துவிடும் என்று எண்ணியதே நண்பர்களின் பிழை. மறுமையில்தான் கணக்கு நேராகும் என்று அவர் விளக்கினார்.

சீர்திருத்தத் திருச்சபையின் ஜான் கால்வின் 1554-55இல் ஜெனீவாவில் யோபுவைப் பற்றி 159 பிரசங்கங்கள் செய்தார். யோபுவின் வழக்கு நியாயமானது, வாதாடிய விதம் தவறு. நண்பர்களின் வழக்கு தவறு, அவர்கள் சொன்ன கருத்துகளோ நல்லவை என்பது அவர் நிலை. கடவுளின் நீதி மனித அறிவுக்கு எட்டாதது, ஆகவே வாய்பொத்தி வணங்கவேண்டும் என்றார். நூலின் முடிவில் வரும் தீர்ப்போடு இது அத்தனை எளிதாகப் பொருந்துவதில்லை.

சிலுவையில் இயேசு தாம் கைவிடப்பட்டதாகக் கதறியது, துன்பத்தில் கடவுளின் மௌனம் என்ற இதே கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அங்கே கிறிஸ்து தம் உடலாகிய திருச்சபையின் குரலில் பேசுகிறார் என்றார் திருச்சபைத் தந்தை அகுஸ்தீன். அந்த வேதனை கிறிஸ்துவின் ஆன்மா மெய்யாகவே பட்டது என்று கால்வின் வலியுறுத்தினார். இளவயதில் ஹாம்பர்க் நகரின்மீது குண்டுமழை பொழிந்ததைக் கண்டு, பின்னர் போர்க்கைதியாக இருந்த இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட நூலில், மகனின் மரணத்தைத் தந்தையும் துயரத்தோடு சுமந்தார் என்று எழுதினார். துன்பத்தால் தீண்டப்படாத கடவுள் என்ற பழைய கோட்பாட்டை அது அசைத்தது. கடவுளும் துன்பத்தில் சிக்கினால் மனிதரை மீட்பது யார் என்று கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர் மறுத்தார்.

பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் வெளியிட்ட யோபு விளக்கம், மேலே கண்ட யோபு விளக்கங்கள் எல்லாவற்றையும்விட மூலநூலுக்கு நெருக்கமானது. தன் நோவையே பேசிக்கொண்டிருந்த யோபு, 24ஆம் அதிகாரத்தில் நிலம் பறிக்கப்பட்டவர்களையும் கூலி கிடைக்காமல் பசியோடு அறுவடை செய்பவர்களையும் பேசத் தொடங்குவதை அவர் சுட்டிக்காட்டினார். அநீதியைக் கண்டிக்கும் இறைவாக்கினர் மொழியும், பலன் எதிர்பாராமல் கடவுளை அணுகும் தியான மொழியும் யோபுவிடம் சேர்ந்தே வளர்கின்றன என்றும், ஏழைகள் நடுவில் கடவுளைப் பற்றிப் பேச இரண்டும் வேண்டும் என்றும் அவர் எழுதினார்.