பரங்கிமலை: படியேறிப் பார்க்க வேண்டிய மலை

சென்னையில் ஏறிப் பார்க்க ஏதாவது மலை இருக்கிறதா என்று கேட்டால் கைகாட்ட வேண்டியது பரங்கிமலையைத்தான். உயரம் ஏறத்தாழ 300 அடி. புறநகர் ரயிலிலோ மெட்ரோவிலோ பரங்கிமலை நிலையத்தில் இறங்கி அடிவாரம் வரை நடந்தே போகலாம். வண்டியில் மேலே செல்லச் சாலை உண்டு. ஆனால் படியேறிப் போகிறவருக்கே இந்த மலையின் வரலாறு வழியிலேயே தொடங்குகிறது.

அடிவார வளைவைத் தாண்டியதும் கருங்கல் படிகள், நூற்றுக்கும் மேல். வழிநெடுக இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப் பாதை நிலைகள். படிக்கட்டை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் சொந்தப் பணத்தில் அவர் கட்டிய மர்மலாங் பாலமும் இந்த மலையோடு சம்பந்தப்பட்டதுதான். மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து சின்னமலை வழியாகப் பரங்கிமலைக்கு வரும் யாத்திரிகர்கள் அதற்கு முன் ஆற்றில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் அது ஆபத்து. இன்று அந்த இடத்தில் நிற்பது மறைமலை அடிகள் பாலம்.

இயேசுவின் சீடர் தோமா கி.பி. 72இல் இந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. போர்ச்சுக்கீசியர் 1523இல் இங்கே மாதா கோயிலை எழுப்பினார்கள். 1547இல் இங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்ததாகச் சொல்லப்படும் கற்சிலுவை, இன்றும் பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள். போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்ததற்கு அந்தக் கல்லே சாட்சி. 1558 டிசம்பர் 18 அன்று சிலுவையில் இரத்தம் கசிந்ததாகப் பக்தர்கள் நம்புகிறார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1986இல் இங்கு வந்து வணங்கினார்.

மலையின் கல்லுக்கும் ஒரு பெருமை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைமேல் கிடத்தியிருக்கும் பலகை, சென்னைப் பக்கத்துக் கரும்பாறையில் வெட்டியது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறை வகைக்கு அவர் நினைவாகச் சார்னோகைட் என்று பெயரிட்டார். உலகெங்கும் பாடப்புத்தகங்களில் இன்று வழங்குவது அந்தப் பெயர்தான். இந்திய புவியியல் ஆய்வுத் துறை அதே வகையான பரங்கிமலைப் பாறையைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

வந்தவர்களில் பலர் கவனிக்காமல் போவது வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையை. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் பணி, அவர் தலைமையில் 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையின் பக்கத்துச் சமவெளியில்தான் ஆரம்பமானது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அந்த முதல் பக்கம் துல்லியமாக இருக்க வேண்டும். அதில் ஓர் அங்குலம் பிசகினாலும் பிழை முக்கோணத்துக்கு முக்கோணம் தொடரும். அதற்காகப் பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏறத்தாழ 12 கிலோமீட்டரை, 100 அடி நீள எஃகுச் சங்கிலியால் அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் அல்லவா? அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழலுக்குக் கூடாரம் போட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து நீளத்தைத் திருத்தினார்கள். 57 நாள் உழைப்பு அது. அரை நூற்றாண்டு கழித்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டது, இங்கே தொடங்கிய அளவைப் பணியின் தொடர்ச்சியே.

உச்சியில் நின்றால் மீனம்பாக்கம் ஓடுபாதையும், விமானம் வந்து இறங்குவதும் நன்றாகத் தெரியும். சென்னை வெயிலில் கருங்கல் சீக்கிரம் சுடும். காலையிலோ மாலையிலோ ஏறுவது நல்லது, தண்ணீர் கையில் இருக்கட்டும். வழிபாட்டு இடம் என்பதால் ஆலயத்துக்குள் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு செல்பவர்கள் லாம்டன் சிலையருகே சற்று நேரம் நின்று, அந்தச் சங்கிலிக் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.