பின் அச்சு கோணாமல் வெல்டிங் வைப்பது எப்படி?



"வெல்டிங்னா இரும்பை ஒட்ட வைக்கிறதுதானே, இதுல என்ன அறிவியல் இருக்கு?" என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டு அம்பாசடர் கார்தான் எனக்குப் பாடம் நடத்தியது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் அப்பா பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். 2014-க்குப் பிறகு அம்பாசடர் கார் தயாரிக்கப்படவே இல்லை. அதனால் அதை இன்னும் ஆசையாகக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுச் செலவு ஓடுவது அந்தக் காரால்தான்.

அம்பாசடரின் அடியில் குனிந்து பார்த்தால், இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே குறுக்காக ஓர் இரும்புக் குழாய் தெரியும். நடுவில் சட்டி மாதிரி உப்பியிருக்கும். அதுதான் பின் அச்சு ஹவுசிங். சட்டிக்குள் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள். குழாய்க்குள் சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட். எல்லாக் காரிலும் இப்படி இருக்காது. நம்ம வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் தயாரித்த ஹெரால்டு காரில் இந்தக் குறுக்குக் குழாய் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஆடும்.

எங்கள் காரில் அந்தக் குழாயின் அடிப்பக்கம் ஒரு விரிசல் விட்டிருந்தது. ஏன் அடிப்பக்கம்? வகுப்பறைப் பெஞ்சின் நடுவில் நாலு பேர் உட்கார்ந்தால் பலகை கீழே வளையும் அல்லவா? அப்போது பலகையின் மேல்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். அச்சும் அப்படித்தான். சக்கரங்கள் இரண்டு ஓரத்தில் தாங்க, காரின் பாரம் உள்ளே அழுத்துகிறது. இழுபடும் பக்கத்தில்தான் விரிசல் வரும்.

மறுநாள் முகூர்த்தம். அவசரத்தில் அப்பா வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தி, "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார். அவர்களும் அரை மணி நேரத்தில் அடியில் ஒரு கனமான பட்டையை வைத்து, ஒரே ஓட்டமாக வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் சந்தோஷமாக வந்துவிட்டோம்.

ஒரு மாதத்தில் இரண்டு பின் டயரும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் ஆயில் சீல் தேய்ந்து, டிஃபரன்ஷியல் ஆயில் பிரேக் டிரம்முக்குள் கசிந்தது. "தம்பி, பிரேக்குல ஆயில் பட்டா வண்டி நிக்காதுடா. நீ மாப்பிள்ளை, பொண்ணையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறவன்" என்று பெரியப்பா அப்பாவைக் கடிந்துகொண்டார். அப்பா பதில் பேசவில்லை. பெரியப்பாவுக்கு மேடவாக்கம் கூட்ரோட்டுப் பக்கம் சொந்தமாக வெல்டிங் பட்டறை உண்டு.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கேதான் நம் பாடப்புத்தகத்து வெப்ப விரிவு வருகிறது. 1 மீட்டர் இரும்புக் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் சூடேற்றினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். வெல்டிங் வைக்கும் இடத்தில் இரும்பு சுமார் 1,500 டிகிரியில் உருகுகிறது. அந்த இடம் விரியப் பார்க்கும். ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. சூட்டில் மெத்தென்று இருக்கும் இரும்பு, நீள முடியாமல் தனக்குள்ளேயே நசுங்கிவிடும். ஆறும்போது பழைய அளவைவிடக் குட்டையாகிவிடும். உருக்கி ஊற்றிய ராடும் ஆறும்போது சேர்ந்து இழுக்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைத் தாத்தா காலத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். அங்கே நமக்கு உதவிய அதே சுருக்கம், இங்கே எங்கள் அச்சின் அடிப்பக்கத்தை இழுத்து, இரண்டு முனையையும் கீழ்நோக்கி வளைத்துவிட்டது!

பெரியப்பா செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆயிலை வடித்து, ஷாஃப்ட், பேரிங், சீல், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் கழற்றினார். வெறும் ஹவுசிங்கை நன்றாகக் கழுவித் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும்.

2. அளந்தார். இரண்டு முனையிலும் 2 அடி நீள நேரான பட்டையைச் செங்குத்தாக போல்ட் போட்டு மாட்டினார். மேல் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், கீழ் நுனிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் டேப்பால் அளந்தோம். அச்சு நேராக இருந்தால் இரண்டும் சமம். எங்களுக்குக் கீழே 9 மி.மீ. குறைவு! நோட்டில் குறிப்பது என் வேலை.

3. பழைய வெல்டிங்கையும் பட்டையையும் கிரைண்டரால் எடுத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். அப்போதுதான் விரிசல் மேலும் ஓடாது. விரிசல் நெடுக 'வி' வடிவப் பள்ளம் எடுத்தார்.

4. முதலில் மேல்பக்கம் ஒரு பட்டை வைத்தார். "விரிசல் கீழே இருக்கு, மேலே எதுக்கு பெரியப்பா?" என்று கேட்டேன். "கீழே இழுத்ததை மேலே இழுத்துத்தான்டா நிமிர்த்தணும்" என்றார். ஒரு அங்குலம் வெல்டிங், பிறகு நிறுத்தம். அடுத்த அங்குலம் எதிர் முனையில். கையை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்தது. 9 என்பது 5 ஆனது, 2 ஆனது. பிறகு எதிர்ப்பக்கம் 3 மி.மீ. போகும்வரை விட்டார்.

5. கடைசியில் கீழே விரிசலை நிரப்பி, மேலே உள்ள அதே அளவுப் பட்டையைக் கீழேயும் வைத்தார். கீழே வைத்த வெல்டிங் இழுத்ததில் அந்த 3 மி.மீ. சரியாகி, முடிவில் 1 மி.மீ. வித்தியாசம்தான் இருந்தது.

ராடு 7018 வகை. ஈரம் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்ப் பின்னால் விரிசல் விடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கத்திலேயே இருப்பதால் நம்ம ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். அதனால் ராடை அடுப்பில் காய வைத்துத்தான் எடுத்தார். சூடாக இருக்கும்போது நான் தண்ணீர் ஊற்றப் போனேன், நன்றாகத் திட்டு வாங்கினேன். திடீரென்று குளிர்ந்தால் இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும் குணம் பெறுமாம்.

அரை மணி நேரத்தில் முடித்த வேலையைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அதில் பாதி நேரம் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். அந்த இரண்டு நாளில் ஒரு முகூர்த்த வாடகை போயிற்று. ஆனால் இப்போது டயர் சமமாகத் தேய்கிறது, டிரம் காய்ந்திருக்கிறது. அப்பா ராத்திரி சவாரிக்குப் போனால் அம்மா பயப்படுவதில்லை.

நண்பர்களே, வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். நானும் கறுப்புக் கண்ணாடி போட்ட கவசம் பிடித்துத்தான் பார்த்தேன். இதைக் கைவேலை என்று இளக்காரமாகவும் நினைக்காதீர்கள். திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது!

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பெரியப்பா பட்டறையில் அது, பதறாத வெல்டிங் கோணாது!



— 11-ஆம் வகுப்பு மாணவன்