பஞ்சுப்பொதியும் மலைத்தீயும்

தீயணைப்பு வண்டியை நம் அங்கத்தினரில் பலர் மணியோசையால் மட்டுமே அறிவர். அதில் செல்வோரின் உத்தியோகம் எத்தகையது என்று சிறிது விசாரிப்போம்.

தீயணைப்போராகச் சேருபவர் முன்னணித் தீயணைப்போர், நிலைய அலுவலர் எனப் படிப்படியாக உயரலாம். சிறு நகரத்து நிலைய அலுவலருக்கு நெருப்பு மட்டுமே வேலையன்று. கிணற்றில் விழுந்த பசுவும், வீட்டில் புகுந்த பாம்பும் அவர் பொறுப்பே.

1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப்பொதியும் ஒருங்கே ஏற்றிய கப்பலில் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற 66 தீயணைப்போர் வெடிப்பில் மாண்டனர். இறுகக் கட்டிய பொதிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. வெளியே அணைந்ததுபோல் தோன்றினும் உள்ளே கனலும். நூல் கிடங்கு வைத்திருக்கும் நெசவாளர் இதனை மறத்தலாகாது.

கொல்லிமலையின் சங்கடம் வேறு. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். நீர் நிரம்பிய வண்டி அவற்றில் விரைய இயலுமா? தீயோ சரிவில் மேல்நோக்கி வெகு வேகமாய்ப் பரவும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் அப்படித்தான் 20-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கருகிய மிளகுக்கொடிக்குப் பதிலாக நட்டது காய்க்கவோ மூன்று ஆண்டுகளேனும் செல்லும்.

ஆதலால் வண்டி வருமுன் சருகை அகற்றித் தீத்தடம் வெட்டுவது ஊராரின் வேலையே. தீக்கு மேற்புறம் நில்லாதீர். 101-ஐ அழைக்கும்போது, வண்டி எதுவரை வரக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். இரவாயின் ஊர் முகப்பில் ஒருவர் விளக்குடன் நிற்கட்டும்.