உங்களுக்குத் தெரியுமா? சர்வர் சாவி யார் கையில்?

அலுவலகக் கணினிக்குக் கிடைக்கும் ஐபி முகவரி பெரும்பாலும் அதற்குச் சொந்தமில்லை, குத்தகைதான். அதைக் கொடுப்பது டிஎச்சிபி சர்வர். விண்டோஸ் சர்வரில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால் குத்தகைக் காலம் 8 நாள். பாதிக் காலம் கழிந்ததும், அதாவது 4 நாளில், கணினி தானே சர்வரைக் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் டிஎச்சிபி சர்வர் ஒரு மதியம் முழுக்க நின்றுபோனாலும் பலருக்கு அது தெரிவதே இல்லை. அன்றைக்குப் புதிதாக மடிக்கணினியைத் திறப்பவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார்.

இந்த முகவரிகளைக் கவனித்துக்கொள்ள ஒருவருக்கு அனுமதி வேண்டும் என்றதும், அவசரத்தில் பலரும் அவரை ‘டொமைன் அட்மின்ஸ்’ குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் மோட்டார் போட வருகிறவரிடம் பீரோச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது அது. எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றும் அதிகாரம் வரைக்கும் அவர் கைக்குப் போய்விடும். இந்த வேலைக்கென்றே விண்டோஸில் இரண்டு குழுக்கள் உண்டு. ‘டிஎச்சிபி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் இருப்பவர் முகவரி வரம்புகளை உருவாக்கலாம், மாற்றலாம், நீக்கலாம். ‘டிஎச்சிபி யூசர்ஸ்’ குழுவில் இருப்பவர் பார்க்க மட்டும் முடியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் மாதம் இரண்டாவது குழுவே போதும் என்பது என் கருத்து.

கருவி வேறு, அனுமதி வேறு. சர்வர் அறைக்குப் போகாமல் தன் மேசையிலிருந்தே சர்வரை நிர்வகிக்க ஆர்சாட் என்ற கருவித் தொகுப்பு இருக்கிறது. அதை நிறுவிவிட்டால் அதிகாரமும் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். ஜன்னல் திறக்கும், உள்ளே எதையும் தொட முடியாது.

பெயரைக் குழுவில் சேர்த்த பிறகும் கதவு திறக்காமல் இருப்பது ஏன் தெரியுமா? இந்த உரையாடல் எனக்கு மனப்பாடம்.

“அண்ணா, என் பேரைச் சேர்த்துட்டீங்களா? இன்னும் ‘அக்சஸ் டினைட்’னுதான் வருது.”

“சேர்த்தாச்சு தம்பி. லாக் ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப உள்ளே வா.”

விஷயம் இதுதான். நாம் லாகின் செய்யும் அந்த நொடியில், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறோம் என்ற பட்டியலை விண்டோஸ் ஒரு சீட்டாக எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. நாள் முழுக்க அந்தச் சீட்டைக் காட்டித்தான் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறோம். காலை 9 மணிக்கு வாங்கிய சீட்டில், 11 மணிக்குச் சேர்த்த குழுவின் பெயர் எப்படி இருக்கும்? வெளியே போய்ப் புதுச் சீட்டு வாங்கி வரவேண்டும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பொருந்தும். குழுவிலிருந்து ஒருவரை நீக்கினாலும், லாகின் செய்தபடியே உட்கார்ந்திருப்பவர் கையில் பழைய சீட்டு இருக்கிறது. அனுமதியைத் தருவதைவிடத் திரும்ப வாங்குவதில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அனுமதி மனிதர்களுக்கு மட்டும் இல்லை, இயந்திரத்துக்கும் தரவேண்டியிருக்கிறது! விண்டோஸ் சர்வர் 2012-இல் ஐபாம் என்ற வசதி வந்தது. நிறுவனத்தில் இருக்கும் டிஎச்சிபி சர்வர்களையும், பெயர்களை முகவரிகளாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களையும் சுற்றி வந்து, எந்த முகவரி யாரிடம் இருக்கிறது என்று ஒரே இடத்தில் கணக்கு வைக்கும் வசதி அது. சுற்றி வருவது மனிதரில்லை, ஐபாம் சர்வரே. ஆகவே ‘ஐபாம்யுஜி’ என்றொரு குழுவை உருவாக்கி, அந்தச் சர்வரின் கணினிக் கணக்கையே அதில் உறுப்பினராகச் சேர்க்கிறார்கள். கணினி லாக் ஆஃப் செய்யாதே, அதற்குப் புதுச் சீட்டு எப்படி? ரீஸ்டார்ட்தான்.

ஐபாமில் இன்னொரு நுணுக்கம். எந்தப் பயனர் எந்த நேரத்தில் எந்த முகவரியிலிருந்து உள்ளே வந்தார் என்பதையும் அதில் தேடிப் பார்க்கலாம். அதைப் பார்க்க மட்டும் ‘ஐபி ஆடிட்’ என்று தனிக் குழு வைத்திருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. முகவரிகளை நிர்வகிக்கிறவருக்கு, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பது தெரிந்தாக வேண்டிய அவசியமில்லை.

டிஎச்சிபி சர்வரே அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கும் என்பது தெரியுமா? டொமைனில் சேர்ந்த விண்டோஸ் டிஎச்சிபி சர்வர், டொமைனின் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் தன் பெயர் அங்கீகாரம் பெற்றிருந்தால்தான் முகவரி வழங்கும். அந்த அங்கீகாரத்தை ‘டிஎச்சிபி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் இருப்பதால் மட்டும் தந்துவிட முடியாது, அதற்கு மேல்மட்ட உரிமை வேண்டும்.

ஆனால் வீட்டில் வைக்கும் சாதாரண வைஃபை ரௌட்டருக்கு இந்த ஒழுங்கு எதுவும் கிடையாது. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில், சிக்னல் சரியில்லை என்று ஒருவர் வீட்டு ரௌட்டரைக் கொண்டுவந்து, கேபிளை லேன் துளையில் செருகிவிட்டார். அரை மணி நேரத்தில் அந்த மாடியில் பாதிப் பேருக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி. பிரிண்டர் இல்லை, மெயில் இல்லை. அவரைக் குறைசொல்ல மாட்டேன், அந்தத் துளையைத் திறந்து வைத்தது நாங்கள்தான். எந்தத் துளை வழியாக டிஎச்சிபி பதில் வரலாம் என்று ஸ்விட்சிலேயே குறித்துவைக்கும் ‘டிஎச்சிபி ஸ்னூப்பிங்’ வசதியை அன்று மாலைதான் போட்டோம்.

உலகத்து ஐபி முகவரிகளுக்கும் தலைமைக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். கலிஃபோர்னியாவின் ஜான் போஸ்டல். 1998 ஜனவரியில் அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதைப் படித்ததும் டிஎன்எஸ் வேர்ச் சர்வர்களில் எட்டை நடத்தியவர்கள், மூலத் தரவைத் தன் இடத்திலிருந்து எடுக்கச் சொன்ன அவர் வார்த்தைப்படியே மாற்றிவிட்டார்கள். அமெரிக்க அரசு தலையிட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பியது. எந்தக் குழுவிலும் பெயர் எழுதித் தராத அதிகாரம், மனிதர்மேல் இருந்த நம்பிக்கையில் மட்டும் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். அவர் கணக்கு வைத்த பழைய வகை முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. மையக் கிடங்கில் மிஞ்சிய கடைசி ஐந்து தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

லினக்ஸ் பக்கம் வந்தால் ‘சூடோ’. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் கோகெஷலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. அதன் அழகு எளிமையானது. முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ கணக்கின் கடவுச்சொல்லை நாலு பேருக்குச் சொல்லத் தேவையில்லை. அவரவர் கடவுச்சொல்லைப் போட்டு, அவரவருக்கு ஒதுக்கிய கட்டளையை மட்டும் இயக்கலாம். யார் செய்தது என்பதும் பதிவாகும். யாருக்கு எந்தக் கட்டளை என்ற பட்டியலைத் திருத்த ‘விசூடோ’வை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு நிறுத்தற்குறி தவறினாலும் சேமிக்கும் முன் எச்சரித்துவிடும்.

தொலைவிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் பிறந்தது ஒரு திருட்டால். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டு எடுத்திருந்தார்கள். அங்கிருந்த தாத்து இலோனென் உட்கார்ந்து இதை எழுதினார். அதற்கு ஒரு போர்ட் எண் வேண்டும்: எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவே 22 காலி. அந்த எண்ணைக் கேட்டார், மறுநாளே கிடைத்தது. இதில் பலர் தொடாத ஒரு வசதி: சர்வரில் பொதுச்சாவியை எழுதிவைக்கும் அதே வரியில், இந்தச் சாவி இந்த முகவரியிலிருந்து வந்தால்தான் செல்லும், இந்த ஒரே கட்டளையைத்தான் இயக்கும் என்று நிபந்தனை போடலாம். இரவு பேக்கப் எடுக்கும் சாவிக்கு இதைக் கட்டாயம் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை டொமைனிலிருந்து அழித்த பிறகு, பழைய சர்வரில் ‘டிஎச்சிபி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவைத் திறந்து பாருங்கள். பெயர் இருந்த இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் நிற்கும். விண்டோஸ் அனுமதி கொடுத்தது பெயருக்கு இல்லை, அந்த எண்ணுக்கு. அதே பெயரில் நாளை இன்னொரு கணக்கைத் தொடங்கினாலும் வேறு எண்தான் வரும், பழைய அனுமதி ஒட்டாது. அப்படி நிற்கும் எண்களை நான் மாதத்துக்கு ஒருமுறை தேடி எடுத்துவிடுகிறேன்.