மரம் புதிது, தெரு பழையது

கியோட்டோவுக்குச் செல்லும் பயணிகளில் பலர் கையில் ஒரு பட்டியலோடு இறங்குகிறார்கள். பொன் தகடு போர்த்திய கின்காகு-ஜி, செந்நிறத் தோரணங்கள் வரிசைகட்டி மலையேறும் புஷிமி இனாரி, மூங்கில் தோப்புக்குப் பேர்போன அராஷியாமா. நகரத்தின் வடமேற்கிலும் தெற்கிலும் மேற்கிலுமாக ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் இருப்பவை இவை. பேருந்திலும் ரயிலிலும் ஏறி இறங்கினால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் 794 முதல் 1868 வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானியப் பேரரசரின் தலைநகரமாக இருந்த ஊரைப் பார்த்தோமா என்று கேட்டால், அதன் ஓரங்களை மட்டுமே பார்த்திருப்போம். கியோட்டோவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால், விவரம் தெரிந்த வழிகாட்டி ஒருவரோடு நகரத்தின் நடுவில் தொடங்கி நான்கைந்து கிலோமீட்டர் நடப்பதே அந்த நாளுக்குச் சரியான பயன் என்பது என் கருத்து. இந்த நகரத்தின் பழமை கட்டடங்களில் இருப்பதைவிடத் தெருக்களிலும், தெருவைப் பகிர்ந்துகொண்டவர்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளிலும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் தொழில்திறனிலும்தான் அதிகமாக இருக்கிறது. அதை வண்டியில் கடந்துபோகிறவர் காண முடியாது. நடந்தாலும், சொல்ல ஆளில்லாமல் விளங்காது.

கட்டடத்தை நம்பி ஏன் பயனில்லை என்பதற்கு நகரத்தின் தீ வரலாறே சாட்சி. 1467இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீடித்த ஓனின் போர் கியோட்டோவின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. 1788இல் மூண்ட தீ அரண்மனையையும் விட்டுவைக்கவில்லை. 1864இல் அரண்மனை வாயிலருகே எதிரெதிர்ப் படைகள் மோதியபோது பற்றிய நெருப்பில் ஏறத்தாழ 27,000 வீடுகள் எரிந்துபோயின. பழைய பேரரசர் அரண்மனையில் இன்று நிற்கும் முதன்மைக் கட்டடங்கள் 1855இல் எழுந்தவை. கின்காகு-ஜியின் பொன்மண்டபத்தை 1950இல் ஓர் இளம் துறவி தீவைத்து அழித்தார். இப்போது குளத்தில் நிழலாடுவது 1955இல் கட்டி முடித்த மண்டபம். இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு இலக்குப் பட்டியலில் இருந்த கியோட்டோவை அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் வற்புறுத்தி நீக்கினார். அதனால் நகரம் பேரழிவிலிருந்து தப்பியது உண்மை. ஆனால் நடுப்பகுதியில் அப்படித் தப்பிய மரவீடுகளில் பெரும்பாலானவை 1864க்குப் பிறகு கட்டப்பட்டவை. ஆயிரம் ஆண்டு வயதுள்ள சுவரைத் தேடி வருகிறவருக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும்.

சுவருக்குக் கீழே இருப்பதைத் தேடினால் நிலைமை வேறு. காம்மு பேரரசர் 794இல் அமைத்த ஹெய்யான்-கியோ, சீனத்தின் தாங் பேரரசுத் தலைநகரமான சாங்ஆனைப் பார்த்து வரைந்த நகரம். கிழக்கு மேற்காக 4.5 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 5.2 கிலோமீட்டர் அளவில், தெருக்கள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் கட்டங்களாக அதைப் பிரித்தார்கள். நடுவில் ஓடிய சுசாகு பெருவீதியின் அகலம் 80 மீட்டருக்கும் மேல். இந்தத் திட்டம் அப்படியே நின்றுவிடவில்லை. ஈரநிலமான மேற்குப் பாதி 10ஆம் நூற்றாண்டிலேயே ஆளற்றுப்போகத் தொடங்கியது. அகலத் தெருக்களை வீடுகள் மெல்ல மெல்ல விழுங்கின. 1590களில் தொயோதோமி ஹிதெயோஷி பழைய கட்டங்களின் நடுவே புதுத் தெருக்களைக் கீறினார். இத்தனைக்குப் பிறகும் கட்டம் கட்டமாகவே இருக்கிறது. நடுநகரத்தில் இன்றும் ஒரு கடைக்கு வழி சொல்லும்போது இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சொல்லி, அங்கிருந்து வடக்கே ஏற வேண்டுமா, தெற்கே இறங்க வேண்டுமா, கிழக்கிலோ மேற்கிலோ நுழைய வேண்டுமா என்கிறார்கள். தபால் முகவரியும் அப்படியே எழுதப்படுகிறது. தெருப் பெயர்களை வரிசை பிசகாமல் சொல்லும் பாட்டைக் குழந்தைகள் படித்துக்கொள்கிறார்கள். முகவரியே நடைக்கான குறிப்பாக இருக்கும் ஊரை நடந்து பார்ப்பதுதானே முறை?

காலை நடையை ரோக்காகு-தோ என்னும் அறுகோணக் கோயிலில் தொடங்கலாம். இகெபானா மலர்க்கலையின் மிகப் பழைய மரபான இகெனோபோ இங்குதான் வளர்ந்தது. இப்போதைய மண்டபத்துக்கு வயது 150கூட ஆகவில்லை, 1877இல் கட்டியது. ஆனால் ஓனின் போருக்குப் பின் அரசு கைவிட்ட நகரத்தில், நகரவாசிகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொண்ட காலத்தில், ஆபத்து வந்தால் மணியடித்து ஊரைக் கூட்டிய இடங்களில் இது ஒன்று. அந்தக் காலத்தில் வலுப்பெற்ற அமைப்புதான் ‘ச்சோ’ என்னும் தெருச் சமூகம். பல நகரங்களில் நான்கு தெருக்களுக்கு நடுவே உள்ள மனைத்தொகுதியை ஒரு வட்டாரமாகக் கொள்வார்கள். கியோட்டோவின் நடுவிலோ, ஒரே தெருவின் இருபுறமும் எதிரெதிரே வாசல் வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு ச்சோ ஆனார்கள். முதுகு ஒட்டியிருக்கும் பின்வீட்டுக்காரர் வேறு ச்சோவைச் சேர்ந்தவர். முகம் பார்த்து வாழும் எதிர்வீட்டுக்காரரே சொந்த வட்டாரத்தார். காவலும் தீயணைப்பும் கணக்கு வழக்கும் திருவிழாவும் இந்த அலகில்தான் நடந்தன.

இந்த ஏற்பாடு ஏட்டில் மட்டும் வாழவில்லை. 869இல் கொள்ளைநோய் தணிய வேண்டி நடந்த வழிபாட்டில் வேர்கொண்ட கியோன் திருவிழா, ஓனின் போரால் நின்று, 1500இல் நகரவாசிகளின் முயற்சியால் மீண்டது. இப்போதும் ஜூலை 17, 24 தேதிகளில் முப்பதுக்கும் மேற்பட்ட தேர்கள் ஊர்வலம் வருகின்றன; ஒவ்வொன்றையும் வைத்துக் காப்பது ஒரு தெருச் சமூகம். ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டி நிறுத்தும் அந்தத் தேர்களில் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சித்திரத் திரைகளும் இந்தியக் கம்பளங்களும் தொங்குகின்றன. கப்பலில் வந்த அரும்பொருளை வாங்கும் வசதி அன்றைய தெருவணிகர்களுக்கு இருந்தது. அதைப் பொதுச் சொத்தாக்கும் மனமும் இருந்தது. இதே பழக்கத்தின் தொடர்ச்சியாக, நாடு தழுவிய பள்ளிச் சட்டம் 1872இல் வருவதற்கு முன்பே, 1869இல் கியோட்டோ நகரவாசிகள் வட்டாரத்துக்கு ஒன்றாக 64 தொடக்கப்பள்ளிகளைத் திறந்தார்கள். பேரரசர் தோக்கியோவுக்குப் பெயர்ந்து ஊர் சோர்ந்திருந்த நேரம் அது. அப்பள்ளிகளில் ஒன்றின் கட்டடத்தில் 2006 முதல் மாங்கா அருங்காட்சியகம் இயங்குகிறது. படக்கதை படிக்க உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த முற்றத்தின் கதை தெரியும்?

வழிகாட்டியின் தேவை இங்குதான் தெளிவாகிறது. ஓய்கே வீதியின் அகலத்தைப் பார்த்து, பழைய தலைநகரத்தின் மிச்சம் என்று யாரும் நினைத்துவிடலாம். உண்மையில் 1945இல் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி, தீ பரவாமல் தடுக்க வரிசை வரிசையாக வீடுகளை இடித்ததால் உண்டான அகலம் அது. அருகில் உள்ள நிஷிகி சந்தை 400 மீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு சந்து. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். மீனைக் கெடாமல் வைக்க உதவிய குளிர்ந்த நிலத்தடி நீர்தான் சந்தை இங்கே வேரூன்றக் காரணம். இதே சந்தையில் காய்கறி மொத்த வணிகம் செய்த குடும்பத்தில் 1716இல் பிறந்தவர், சேவல்களை வரைந்து உலகப் புகழ்பெற்ற ஓவியர் இத்தோ ஜாகுச்சூ. 1770களின் தொடக்கத்தில் சந்தை மூடப்படும் நிலை வந்தபோது, தூரிகையை வைத்துவிட்டு, தெருவின் மூத்தோருள் ஒருவராக அதிகாரிகளிடம் வாதாடி அதைக் காத்தவரும் அவரே. இவற்றில் எதுவும் கண்ணுக்குத் தெரியும் பொருளில் எழுதியிருக்கவில்லை.

கைப்பேசி இதையெல்லாம் சொல்லாதா, பணம் கொடுத்து ஆள் வைத்தால் அவர் காட்டியதை மட்டுமே பார்க்க நேராதா என்று கேட்கலாம். இரண்டாவது கேள்வி நியாயமானது. கடைக்காரரிடம் தரகு வாங்கும் வழிகாட்டி நம்மைக் கடைக்குத்தான் அழைத்துப்போவார். ஜப்பானில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசியத் தேர்வில் தேறியவர்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவர்கள் மொழியில் கட்டணம் வாங்கி வழிகாட்ட முடியும் என்றிருந்தது. 2018 ஜனவரி முதல் அந்தத் தடை நீங்கி, யாரும் செய்யலாம் என்றானது. ஆகவே உரிமம் பெற்றவரா என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பது பயணியின் பொறுப்பு. கைப்பேசியைப் பொறுத்தவரை, நாம் கேட்டதற்கு அது பதில் தரும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாதபோதுதான் மனிதர் தேவைப்படுகிறார். மேலும் இது நவீனச் சுற்றுலா புகுத்திய வழக்கமும் அல்ல. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிஞர் கைபாரா எக்கிகென், கியோட்டோவை நாளுக்கு ஒரு நடைவழியாகப் பிரித்துக் கையேடு எழுதினார். 1780இல் வெளிவந்த ‘மியாகோ மெய்ஷோ ஸுவே’ என்னும் படங்கள் நிறைந்த வழிகாட்டி நூல் பரவலாக விற்றது. விளக்கம் கேட்டுக்கொண்டே ஒரு நாள் நடப்பது கியோட்டோவின் சொந்தப் பழக்கங்களில் ஒன்று.

பிற்பகலில் காமோ ஆற்றைக் கடந்து கிழக்கே போனால் கியோன் ஷின்பாஷியின் தேநீர் விடுதிகளும், கியோமிசு-தெராவை நோக்கி ஏறும் சன்னென்சாகா படிகளும் வருகின்றன. இங்கே கிளம்பும் மறுப்பு இன்னும் கடுமையானது: எரிந்ததும் திரும்பக் கட்டியதுமாக இருக்கும் இடத்தைப் பழமை என்பது ஒப்பனைதானே? ஷின்பாஷியின் வீடுகள் 1865 தீக்குப் பின் எழுந்தவைதாம். ஆனால் பழமை என்பது பொருளின் வயது மட்டுமே என்றால் மரத்தில் கட்டும் எந்தச் சமூகத்துக்கும் பழமை வாய்க்காது. கல்லை அளவுகோலாகக் கொண்ட பார்வை இது. இந்தக் குறையை உணர்ந்துதான் 1994இல் நாராவில் கூடிய வல்லுநர்கள், மெய்ம்மையை மதிப்பிடும்போது பொருளோடு வடிவம், பயன்பாடு, மரபு, தொழில்நுட்பம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற ஆவணத்தை உருவாக்கினார்கள். கியோமிசு-தெராவின் பெருமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 1629இல் எரிந்து 1633இல் கட்டி முடித்தது. 13 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதன் முன்மேடையை ஆணியில்லாமல் கோத்த தூண்கள் தாங்குகின்றன. கூரையோ சைப்ரஸ் மரப்பட்டையால் வேய்ந்தது. 2017 முதல் 2020 வரை முழுவதும் புதிதாக வேய்ந்தார்கள். உயிருள்ள மரத்தின் வெளிப்பட்டையை மரம் சாகாதபடி உரித்து, அது மறுபடி வளரப் பத்தாண்டு அளவில் காத்திருந்து மீண்டும் எடுக்கும் தொழிலாளர் இல்லையென்றால் அந்தக் கூரை இல்லை. மரக் கட்டடங்களைக் காக்கும் இத்தகைய திறன்களை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. கூரை புதிது, வேய்கிற கை பழையது.

பழைய தோற்றம் தானாக நிற்பதில்லை என்பதையும் இந்தப் படிகளில் கவனிக்கலாம். 1975இல் திருத்திய பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், தனிக் கட்டடத்தோடு தெருவரிசை முழுவதையும் காக்க வழிசெய்தது. சன்னென்சாகாவும் கியோன் ஷின்பாஷியும் 1976இல் அந்தப் பாதுகாப்பைப் பெற்றன. 2007இல் நகராட்சி நடுநகரத்தின் பெருவீதிகளில் கட்டட உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகவும், உட்தெருக்களில் 31லிருந்து 15 மீட்டராகவும் குறைத்தது. கூரைமேல் விளம்பரங்களையும் மின்னி மின்னி எரியும் பலகைகளையும் நகரம் முழுவதும் தடைசெய்தது. மனையின் மதிப்பு குறையும் என்று உரிமையாளர்கள் எதிர்த்தது இயல்பே. இழப்பைச் சுமப்பவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் மலைகளை மறைக்காத நகரமே வேண்டும் என்று ஊர் முடிவெடுத்தது.

எஞ்சும் மறுப்பு உள்ளூர்வாசிகளுடையது: நடக்க வருகிறவர்கள் கூட்டமே எங்கள் தெருவை வாழ முடியாததாக்குகிறது. இதற்குச் சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. கெய்ஷாக்களை வழிமறித்துப் படமெடுப்பவர்களால் பொறுமையிழந்த கியோன் வட்டாரம், 2024இல் தனியார் சந்துகளில் வெளியாட்கள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தது. மறுபக்கம், மாச்சியா எனப்படும் பழைய மரவீடுகளில் 2016 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 40,000 மட்டுமே மிஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய ஏழாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 800 வீதம் மறைந்துகொண்டிருந்தன. ஆள் குடியிருக்காத தெருவில் ச்சோ இருக்காது. ச்சோ இல்லாமல் தேரை இழுப்பவர் யார்? அதனால்தான் எப்படி நடக்கிறோம் என்பது முக்கியமாகிறது. பத்துப் பேருக்கு மேற்படாத குழுவாக, எந்தச் சந்து பொதுவழி, எந்தச் சந்து வீட்டு முற்றம் என்று அறிந்த ஒருவரோடு, கூட்டம் நெரியும் நேரத்தைத் தவிர்த்து நடப்பவர் தரும் தொல்லை, பேருந்தில் பெட்டிகளோடு திணிந்து ஒரே படத்துக்காக வரிசையில் நிற்பவர் தருவதைவிடக் குறைவு. நடுநகரத்துக் கடைகளில் அவர் செலவிடும் பணம் அந்தத் தெருவிலேயே தங்கவும் கூடும்.

ஒரு நாளில் இத்தனை பெரிய நகரத்தை அறிய முடியுமா என்றால், முடியாது. கியோட்டோவும் அண்டை நகரங்களான உஜியும் ஓத்சுவும் சேர்ந்து 1994இல் உலக மரபுப் பட்டியலில் ஏறியபோது அதில் இடம்பெற்றவை 17 தலங்கள். அவற்றுள் மேற்சொன்ன நடைவழி தொடுவது கியோமிசு-தெரா ஒன்றைத்தான். ஆனால் மற்ற பதினாறையும் பின்னொரு நாளில் பார்ப்பவருக்கு இந்த நடை ஓர் அளவுகோலைத் தருகிறது. எந்தக் கோயிலின் முன் நின்றாலும், இது எப்போது எரிந்தது, யார் திரும்பக் கட்டினார்கள், அதற்கான மரமும் பட்டையும் எங்கிருந்து வந்தன, இதைக் காக்கும் பொறுப்பை இன்று யார் ஏற்றிருக்கிறார்கள் என்று அவர் கேட்பார். கட்டடத்தின் வயதை விசாரித்துத் திரும்புவதைவிட அதைக் காப்பவர்களை விசாரிப்பது பயனுள்ள கேள்வி. கியோட்டோ 1,200 ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தீக்குப் பின்னும் அதே தெருவுக்குத் திரும்பிவந்து வாசல் வைத்த மனிதர்கள். அவர்களை அறிந்துகொள்ள ஒரு நாளைக் கொடுப்பது அதிகமில்லை.